தட்டிப் பார்ப்பது தகுமா?

பிறருடைய பொருளை எடுப்பது குற்றம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பிறருடைய வீட்டுக்குள் அவர் அறியாமல் நுழைவது குற்றம் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அயலாரின் வீட்டுக் கதவு சரியாகப் பூட்டப்பட்டிருக்கின்றதா என்று, அவருடைய நன்மைக்காகவே, இரவில் போய்த் தள்ளிப் பார்ப்பது முறையா? பூட்டப்படவில்லை என்று தெரிந்தால் காலையில் அவரை எச்சரிக்க வேண்டும் என்பதே நோக்கம். எதையும் எடுக்கப்போவதில்லை, உள்ளே காலடி வைக்கப்போவதும் இல்லை. இது அன்பின் செயலா, அத்துமீறலா?

இதைக் கற்பனைக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று உலகெங்கும் நாள்தோறும் கோடிக்கணக்கான கதவுகள் இவ்வாறு தள்ளிப் பார்க்கப்படுகின்றன. அவை மரத்தாலான கதவுகள் அல்ல. இணையத்தோடு பிணைக்கப்பட்ட கருவிகளின் கதவுகள். வாசலில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா, வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் ரௌட்டர், குழந்தையின் தொட்டிலருகே வைக்கும் கேமரா, ஏன், நோயாளியின் நெஞ்சுக்குள் பொருத்தப்படும் இதயமுடுக்கிகூட இன்று வெளியுலகோடு பேசுகின்றது. பேசும் கருவிக்குச் செவியும் உண்டு. செவி உள்ளதனால் அன்னியரின் கட்டளையையும் அது கேட்கக்கூடும். அது யாருக்குச் செவிசாய்க்கின்றது என்று சோதித்துப் பார்ப்பது இக்காலத்தில் ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அத்தொழிலின் அறநெறியைச் சற்றே ஆழமாகச் சிந்திப்பது நமக்கும் பயன் தரும்.

1. கதவுகள் எவை, சாவிகள் எவை?

ஒரு கருவி இணையத்தில் சேர்ந்ததும் அதற்கு ஓர் எண் முகவரி கிடைக்கின்றது. அம்முகவரியில் போர்ட் எனப்படும் வாயில்கள் 65,535 வரை இருக்கலாம். அவற்றுள் பல வாயில்கள் குறிப்பிட்ட பணிகளுக்கென ஒதுக்கப்பட்டவை. இணையப் பக்கங்களுக்கு 80ஆம் எண் வாயில். டெல்நெட் என்னும் பழைய முறைக்கு 23ஆம் எண் வாயில். டெல்நெட் என்பது தொலைவிலிருந்தே ஒரு கருவிக்குக் கட்டளையிட உதவும் ஏற்பாடு. அதன் வழியே செல்லும் சொற்களுக்கு உறையும் இல்லை, முத்திரையும் இல்லை. கடவுச்சொல்லும் அஞ்சலட்டையில் எழுதியதுபோல் வெளிப்படையாகவே பயணம் செய்யும்.

இவ்வாயில்களில் எவை திறந்துள்ளன என்று கண்டறியும் மென்பொருள்களுள் புகழ்பெற்றது என்மேப். கார்டன் லயன் என்னும் அமெரிக்கர், ஃபியோதோர் என்ற புனைபெயரில், 1997 செப்டம்பரில் அதை வெளியிட்டார். படமோ பொத்தானோ இல்லாத திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் போதும்; ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கருவிகளையும் அவற்றின் திறந்த வாயில்களையும் அது பட்டியலிட்டுத் தரும். கணிப்பொறிப் பாதுகாப்புப் பணியில் இருப்போர் நாள்தோறும் கையாளும் கருவி இது. கள்வரும் இதையே கையாள்கின்றனர். கத்தியைப் போலவே இதற்கும் தனக்கென ஓர் அறமோ மறமோ கிடையாது.

பாதுகாப்புச் சோதனை படிப்படியாக நடைபெறுகின்றது. முதற்படி, இம்முகவரியில் ஏதேனும் கருவி உள்ளதா என்று கேட்பது. இரண்டாம் படி, எந்த வாயில்கள் திறந்துள்ளன என்று பார்ப்பது. மூன்றாம் படி, அவ்வாயிலில் பணிபுரியும் மென்பொருள் எது, எந்தப் பதிப்பு என்று கேட்டறிவது. நான்காம் படி, உலகறிந்த குறைபாடுகளுக்கு 1999 முதல் பேணப்பட்டுவரும் பொதுப்பட்டியலோடு அதை ஒப்பிடுவது. ஐந்தாம் படி, தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பப்பட்ட பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உள்ளிட்டு, கருவி வழிவிடுகின்றதா என்று சோதிப்பது.

இவ்வைந்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. முதல் நான்கும், தெருவில் நின்று வீட்டின் பெயர்ப்பலகையைப் படிப்பதற்கும், வாசலில் நின்று குரல் கொடுப்பதற்கும் ஒப்பானவை. கேட்கும் எவருக்கும் கருவி தானாகவே விடையளிக்கின்றது. அங்கும் கவனம் வேண்டும். தொழிற்சாலைகளில் உள்ள பழைய கருவிகள் சில, இத்தகைய கேள்விக் கணைகளைத் தாங்காமல் செயலிழந்துவிடுவதுண்டு. ஐந்தாம் படியோ பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்புவதாகும். அறநெறிச் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கின்றது.

2. உறங்கிய கருவிகள் எழுந்த நாள்

எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல்லைப் பதித்து விற்பதனால் விளையும் கேட்டை 2016ஆம் ஆண்டு உலகம் கண்கூடாகக் கண்டது. அமெரிக்க இளைஞர் மூவர் உருவாக்கிய மிராய் என்னும் தீய மென்பொருள், இணையத்தில் அலைந்து திரிந்து, டெல்நெட் வாயில் திறந்திருந்த கருவிகளைத் தேடியது. அதன் கையிலிருந்தது அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் மட்டுமே. அச்சிறு சாவிக்கொத்தைக் கொண்டே இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் அது தன்வயப்படுத்தியது.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின்மேல் அக்கருவிகள் ஒருசேரப் பாய்ந்தன. இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் பணியைச் செய்துவந்தது அந்நிறுவனம். அது திணறியதும் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரும் தளங்கள் பலருக்குக் கிடைக்காமற் போயின. 2017 டிசம்பரில் அம்மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தாக்குதலுக்குப் பயன்பட்ட கேமராக்களின் உரிமையாளர்களில் பெரும்பாலோர் எதையும் அறியவில்லை. அவர்களுடைய கேமரா வழக்கம்போல் வாசலைப் படம்பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதே வேளையில், கடல் கடந்த ஒரு நிறுவனத்தின்மேல் அது கல்லெறிந்துகொண்டும் இருந்தது. மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்குவதால், கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் அழிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சிறிது நேரத்திலேயே மீண்டும் வந்து குடியேறிவிடும்.

‘என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் உனக்கென்ன?’ என்று கேட்பதற்கு இங்கே இடமில்லை. திறந்த கதவின் வழியே நுழைந்தவன் அவ்வீட்டாரைக் கொள்ளையிடவில்லை. அவ்வீட்டுக் கூரையில் ஏறி நின்று ஊரையே தாக்கினான். ஒருவரின் கவனக்குறைவு மற்றவரின் காயமாகும்போது அது தனிமனிதச் செய்தியாக இருப்பதில்லை. பொதுநலன் பற்றிய கேள்வியாகிவிடுகின்றது. எனவேதான், ‘யாரேனும் முன்னதாகவே இக்கதவுகளைச் சோதித்து எச்சரித்திருக்கக் கூடாதா?’ என்ற எண்ணம் இயல்பாகவே எழுகின்றது.

3. நல்லெண்ணத்தின் பல முகங்கள்

அவ்வாறு சோதித்தவர்கள் மிராய்க்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள். அவர்களை நாம் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது.

2012ஆம் ஆண்டு, பெயர் தெரிவிக்காத ஆய்வாளர் ஒருவர் இணையம் முழுவதையும் கணக்கெடுக்க முனைந்தார். அதற்குத் தம் கணிப்பொறி போதாது என்று கண்டு, எளிய கடவுச்சொல் கொண்ட ஏறத்தாழ 4,20,000 கருவிகளில் உரிமையாளர் அறியாமல் நுழைந்து, அவற்றையே தம் கணக்கெடுப்பாளர்களாக ஆக்கிக்கொண்டார். மனித உடலின் உள்ளுறுப்புகளைக் காப்பவளாக உரோமையர் போற்றிய கார்னா என்ற தேவதையின் பெயரைத் தம் முயற்சிக்குச் சூட்டினார். கருவிகளுக்குத் தீங்கு நேராதபடி கவனமாக இருந்ததாகக் கூறி, 2013இல் முடிவுகளை உலகுக்கு இலவசமாக அளித்தார்.

2015இல் வெளிச்சத்துக்கு வந்த வைஃபாட்ச் என்னும் மென்பொருள் மற்றொரு வகை. அது ரௌட்டர்களில் அழையா விருந்தாளியாய் நுழைந்து, டெல்நெட் வாயிலை அடைத்து, கடவுச்சொல்லை மாற்றும்படி ஒரு செய்தியையும் விட்டுவைத்தது. 2017இல் தோன்றிய பிரிக்கர்பாட் இன்னும் கடுமையானது. பாதுகாப்பற்ற கருவி மிராயின் கையில் சிக்குவதைவிடச் செத்துப்போவதே மேல் என்று முடிவுசெய்து, நுழைந்த கருவிகளைப் பயனற்றவையாக்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளை இவ்வாறு அழித்ததாக அதை உருவாக்கியவர் உரிமை கொண்டாடினார்.

இவையனைத்தினும் வேறானது, 2014 நவம்பரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் பொதுமக்களை எச்சரித்த ஓர் இணையத்தளம். கடவுச்சொல் மாற்றப்படாத பல்லாயிரம் கேமராக்களின் காட்சிகளை அது நேரலையாக உலகுக்குக் காட்டியது. உறங்கும் குழந்தைகளும் வீட்டின் உள்ளறைகளும் அதில் அடக்கம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, மக்களுக்குப் பாதுகாப்பின் இன்றியமையாமையை உணர்த்துவதற்காக என்று அத்தளத்தார் காரணம் கூறினர்.

எண்ணியவர், பூட்டியவர், உடைத்தவர், அம்பலப்படுத்தியவர் ஆகிய நால்வருமே தம் செயலுக்கு நல்லெண்ணத்தையே காரணம் காட்டுகின்றனர். நல்லெண்ணம் என்ற ஒரே போர்வை இத்தனை வேறுபட்ட செயல்களையும் மூடுமாயின், அப்போர்வையை விலக்கிப் பார்ப்பதுதான் அறிவுடைமை.

4. செயல், நோக்கம், சூழ்நிலை

மனிதச் செயலின் நன்மை தீமையை எடைபோடும்போது, புனித தாமஸ் அக்குவினாஸ் வழிவந்த அறநெறி இறையியல் மூன்றை நோக்கச் சொல்கின்றது: செய்யப்படும் செயல் எது? செய்பவரின் நோக்கம் என்ன? சூழ்நிலைகள் எவை? இம்மூன்றும் நல்லவையாக இருந்தால்தான் செயல் நல்லது. ஒன்று கெட்டாலும் முழுமை கெடும். நன்மை விளையும் என்று தீமையைச் செய்யலாகாது என்பது திருத்தூதர் பவுல் உரோமையருக்குக் கற்பித்த நெறி.

முதலில் செயல். தொழிற்சாலைக் கடவுச்சொல் விளக்கக் கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றது. உலகமே அறிந்த அதை உள்ளிடுவதில் என்ன குற்றம் என்று சிலர் வாதிடுவர். எல்லாருக்கும் தெரிந்த சாவி என்பதனால் அது எல்லாருக்கும் உரிய சாவி ஆகிவிடாது. கிராமத்து வீடுகளில் சாவியை நிலைப்படிக்கு மேல் வைத்துச் செல்வார்கள். ஊரார் அனைவருக்கும் அது தெரியும். தெரிந்திருப்பது ஒன்று, எடுத்துத் திறக்கும் உரிமை இன்னொன்று. ஆகவே, இசைவின்றிக் கடவுச்சொல்லை உள்ளிடுவது பிறருக்குரிய எல்லையைத் தாண்டுவதே.

அடுத்து நோக்கம். அக்குவினாஸ் தம் ‘இறையியல் சுருக்க’த்தில், அறிவுத் தேடலில் இருவகை மனப்பாங்கைப் பிரித்துக் காட்டுகின்றார். அறிய வேண்டியதை அறிய வேண்டிய முறையில் அறிய முயல்வது நற்பண்பு. தனக்குத் தேவையற்றதை, குறிப்பாகப் பிறருடைய நடவடிக்கைகளை, துருவித் துருவி அறிய விழைவது தீயபண்பு. கருந்திரையின் முன் அமர்ந்து, ஒரு வரிக் கட்டளையால் ஆயிரம் வீடுகளின் வாயில்களை எண்ணிப் பார்க்கும்போது எழும் மகிழ்ச்சி எதிலிருந்து பிறக்கின்றது? காப்பதிலிருந்தா, காண்பதிலிருந்தா? இக்கேள்விக்கு வேறு எவரும் விடை கூற இயலாது. அவரவர் மனச்சான்றே கூற வேண்டும்.

மூன்றாவது சூழ்நிலை. அயலார் வீடு தீப்பற்றி எரிந்தால் நாம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. கதவை உடைத்து உள்ளே பாய்கின்றோம். வீட்டுக்காரர் இருந்திருந்தால் மறுப்பின்றி இசைந்திருப்பார் என்று கொள்வது நியாயமே. அப்படிக் கொள்வதற்கு மூன்று நிலைகள் பொருந்த வேண்டும். ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும். உரிமையாளரைக் கேட்க வழியில்லாதிருக்க வேண்டும். நம் செயல் அவருக்கு உண்மையிலேயே உதவ வேண்டும்.

தனியொருவர் செய்யும் சோதனை இந்த மூன்றாம் நிலையில்தான் இடறி விழுகின்றது. இணையத்தில் அவர் காண்பது ஓர் எண் முகவரி மட்டுமே. அம்முகவரிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். கதவு திறந்துகொண்டது, சரி, யாரிடம் போய்ச் சொல்வது? வைஃபாட்ச் கருவிக்குள் விட்டுச்சென்ற செய்தியை யார் படித்திருப்பார்கள்? டெல்நெட் என்ற சொல்லையே கேட்டறியாத ஒருவர், டெல்நெட் வாயிலில் ஒட்டப்பட்ட அறிவிப்பை என்றைக்கு வந்து பார்ப்பார்? எச்சரிப்பதற்காகவே தள்ளிப் பார்த்தேன் என்பவருக்கு எச்சரிக்க வழியே இல்லையென்றால், அவர் செய்ததில் எஞ்சுவது தள்ளிப் பார்த்தது மட்டுமே.

5. ஜப்பான் எடுத்த முடிவு

இதே சிக்கலை ஒரு நாடு முழுமையாக எதிர்கொண்ட வரலாறு நம் சிந்தனைக்குரியது. பிறருடைய கடவுச்சொல்லை இசைவின்றிப் பயன்படுத்துவதை ஜப்பான் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடைசெய்திருந்தது. தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகள் நெருங்கிய வேளையில், நாட்டிலுள்ள கேமராக்களும் ரௌட்டர்களும் தாக்குதலுக்கு ஆயுதமாகிவிடலாம் என்ற அச்சம் எழுந்தது. 2018இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தேசியத் தகவல் தொடர்பு ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு விதிவிலக்கு அளித்தது. ஊகிக்க எளிதான கடவுச்சொற்களைக் கொண்டு மக்களின் கருவிகளைச் சோதிக்க அந்நிறுவனத்துக்கு அதிகாரம் வழங்கப்பட்டது.

நோட்டீஸ் என்ற பெயரில் 2019 பிப்ரவரி 20ஆம் நாள் அப்பணி தொடங்கியது. இலக்கு ஏறத்தாழ 20 கோடி முகவரிகள். கருவி திறந்துகொண்டால், அம்முகவரி இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படும். அந்நிறுவனம் தன் வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டு கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும். எச்சரிக்கையின் பேரில் பணமோ கடவுச்சொல்லோ கேட்கப்படமாட்டாது என்று அரசு முன்கூட்டியே அறிவித்தது. ஐந்தாண்டுக் காலவரம்பும் விதிக்கப்பட்டது. பின்னர் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டுப் பணி தொடர்ந்தது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. தகவல் தொடர்பின் மறைவுத்தன்மை மீறப்படலாகாது என்று ஜப்பானிய அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு கூறுகின்றது. குடிமக்களுக்குத் தடைசெய்த ஒன்றை அரசு மட்டும் செய்யலாமா? இன்று கேமராவின் பூட்டைத் திருப்பும் கை, நாளை கேமராவின் கண்வழியே பார்க்கவும் துணியாதா? இவ்வினாக்கள் நியாயமானவை. அரசின் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு உறங்கச் செல்லும் மக்கள் எந்நாட்டிலும் அறிவுடையோர் ஆகமாட்டார்கள்.

முதல் மாதங்களின் முடிவு 2019 ஜூனில் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 9 கோடி முகவரிகள் சோதிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் கடவுச்சொல் கேட்கும் வாயில் திறந்திருந்தவை முப்பதாயிரத்துக்கும் சற்று மேல். சாவி பொருந்தித் திறந்துகொண்டு, எச்சரிக்கைக்கு உள்ளானவை 147 மட்டுமே. இந்த 147க்காகவா 9 கோடி வாசல்களில் கைவைத்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். அந்த 147 பேருக்கும் தம் கதவு திறந்திருப்பதை அறிவிக்க வேறு வழி ஏது என்று மற்றொருவர் கேட்கலாம்.

என் தாழ்மையான கருத்து இது: இவ்வேற்பாடு ஏற்கத்தக்கது, ஆயினும் நிபந்தனைகளோடு மட்டுமே ஏற்கத்தக்கது. மேற்சொன்ன அடையாளமறியாத நல்லெண்ணக்காரர்களிடம் இல்லாத மூன்று இங்கே உள்ளன. முதலாவது, மக்களின் பேராளர்கள் பகலவெளிச்சத்தில் விவாதித்து இசைந்தனர். தட்டப்படும் முன்னரே தட்டப்படுவோம் என்று மக்கள் அறிந்திருந்தனர். இரண்டாவது, வரம்பு இருந்தது; எந்தச் சாவிகள், எவ்வளவு காலம், யார் கையில் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன. மூன்றாவது, உரிமையாளரைச் சென்றடையும் வழி இருந்தது; எச்சரிக்கை எச்சரிக்கையாகவே முடிந்தது. இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும், காவலர் துருவிப் பார்ப்பவராக மாறுவார். மென்மையாகத் தட்டியதனால்தான் 9 கோடி கதவுகளைத் தட்டியதைப் பொறுத்துக்கொள்கின்றோம். கை சற்றே வலுத்தாலும் அப்பொறுமைக்குக் காரணம் இல்லாமற் போகும்.

6. கண்டதைச் சொல்லும் முறை

குறையைக் காண்பதோடு கடமை முடிவதில்லை. அதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பது அடுத்த அறநெறிக் கேள்வி. தவறிய சகோதரனிடம் முதலில் தனியே சென்று பேசு, கேளாவிடில் ஓரிருவரை அழைத்துச் செல், அதற்கும் கேளாவிடில் சபையில் சொல் என்னும் படிமுறையை மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். வியப்பு என்னவெனில், பாதுகாப்பு ஆய்வாளர்கள் தம் பட்டறிவால் வந்தடைந்த நடைமுறையும் இதனை ஒத்ததே. குறையைக் கண்டவர் முதலில் தயாரிப்பாளருக்கு மட்டும் தெரிவிப்பார். திருத்த ஒரு தவணை அளிப்பார். கூகுளின் ஆய்வுக் குழு ஒன்று 90 நாள் தவணையைத் தன் பொது விதியாகக் கொண்டுள்ளது. தவணைக்குள் திருத்தாவிடில் உலகறியச் சொல்வார்.

இப்படிமுறை மீறப்பட்டதற்கு எடுத்துக்காட்டு 2016 ஆகஸ்டில் நிகழ்ந்தது. செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனத்தின் இதயக் கருவிகளில் குறை கண்ட ஓர் ஆய்வுக் குழுவினர், அதைத் தயாரிப்பாளரிடம் சொல்லவில்லை. மட்டி வாட்டர்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனத்திடம் கொண்டுசென்றனர். பங்குவிலை வீழ்ந்தால் ஆதாயம் கிடைக்கும்படி ஏற்பாடு செய்துகொண்ட பின்னரே அந்நிறுவனம் குறையை அம்பலமாக்கியது. கருவிகளில் குறை இருந்தது உண்மை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 ஜனவரியில், அக்கருவிகளோடு தொடர்புகொள்ளும் வீட்டுக் கருவியில் பாதுகாப்புக் குறை இருந்ததை உறுதிசெய்தது. ஆனால் உண்மையைச் சொன்னதால் மட்டும் சொன்னவர் நேர்மையாளர் ஆகிவிடுவாரா? நெஞ்சில் அக்கருவியைச் சுமந்தவர்கள், செய்தித்தாளைப் பார்த்து நடுங்கிய அந்நாள்களில், யாருடைய கணக்கிலும் இடம்பெறவில்லை.

அதற்கு மாறான வழியையும் அதே கதையில் காணலாம். 2017 ஆகஸ்டில், அமெரிக்காவில் ஏறத்தாழ 4,65,000 இதயமுடுக்கிகளுக்கான திருத்தப்பட்ட மென்பொருள் வெளியானது. அறுவை தேவையில்லை, மருத்துவமனைக்குச் சென்றால் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆனால் மாற்றும்போது கருவி கெடுவதற்கும் மிகச்சிறு வாய்ப்பு உண்டு. எனவே எல்லாரும் உடனே மாற்றுக என்று ஆணையிடாமல், இரு பக்க ஆபத்துகளையும் எடுத்துக்கூறி, மருத்துவரும் நோயாளியும் கலந்து முடிவெடுக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. நோயாளியைக் கருவி பொருத்தப்பட்ட உடலாக மட்டும் கருதாமல், முடிவெடுக்கும் மாண்புள்ள மனிதராக மதித்த செயல் அது.

மது மயக்கத்தில் ஆடை விலகிக் கிடந்த நோவாவை மூன்று மக்கள் எதிர்கொண்ட கதை நாம் அறிந்ததே. ஒருவன் கண்டான், வெளியே போய்ச் சொன்னான். மற்ற இருவரும் ஆடையைத் தோளில் ஏந்தி, பின்புறமாகவே நடந்து சென்று தந்தையை மூடினார்கள். மூவருக்கும் தெரிந்தது ஒரே உண்மை. குழந்தைகளின் உறக்கத்தை உலகுக்குக் காட்டிய தளமும், தயாரிப்பாளருக்குத் தனியே கடிதம் எழுதும் ஆய்வாளரும் அறிந்ததும் ஒரே உண்மைதான். ஒரு பாதுகாப்புச் சோதனை அறநெறிக்கு ஏற்றதா என்று அறிய விரும்பினால், சோதித்தவர் கையில் ஆடை இருக்கின்றதா என்று பார்த்தாலே போதும்.

7. குற்றவாளி யார்?

கதவு திறந்திருந்ததற்கு யார் பொறுப்பு? உரிமையாளரை உடனே குறைசொல்லிவிடுகின்றோம். அறநெறி இறையியல் அறியாமையை இரண்டாகப் பிரிக்கின்றது. முயன்றால் நீக்கிக்கொள்ளக்கூடிய அறியாமைக்கு மனிதன் பொறுப்பாவான். எவ்வளவு முயன்றாலும் நீக்கிக்கொள்ள இயலாத அறியாமைக்குப் பொறுப்பாகான். தனியே வாழும் மூதாட்டி ஒருவர் பாதுகாப்புக்காக ஒரு கேமரா வாங்கி மாட்டுகின்றார். அதனுள் 23ஆம் எண் வாயில் ஒன்று இருப்பதை அவரிடம் யார் சொன்னார்கள்? மிராய்க்கு இரையான கேமராக்கள் சிலவற்றில், உரிமையாளர் விரும்பினாலும் மாற்ற முடியாதபடி டெல்நெட் கடவுச்சொல் உள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. அங்கே உரிமையாளரைக் குறைகூறுவது அநீதி.

பூட்டு என்று சொல்லி விற்றது பூட்டாக இருக்க வேண்டும் என்ற எளிய நீதியைச் சட்டங்கள் தாமதமாகவேனும் ஏற்கத் தொடங்கியுள்ளன. 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலும், 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனிலும், எல்லாக் கருவிக்கும் ஒரே எளிய கடவுச்சொல்லைப் பதித்து விற்பதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. ஊராரின் கதவுகளை இரவெல்லாம் தட்டித் திரிவதைவிட, தச்சரை நேர்மையாகப் பூட்டுச் செய்யவைப்பது மேலான அன்பு அன்றோ?

ஆயினும், அறியாமை என்றென்றும் நமக்குக் கேடயமாகாது. கருவி வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுவதும், தயாரிப்பாளர் திருத்தங்களை வெளியிடுகின்றாரா என்று கேட்டு வாங்குவதும், பயன்படாத இணைப்பைத் துண்டிப்பதும் இன்று எவரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. நம் பங்குகளில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞர் பலர் உள்ளனர். அவர்கள் தம் வீட்டுக் கருவிகளைத் தாமே சோதிக்கலாம். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரிடம், ‘உங்கள் கேமராவைப் பார்த்துத் தரட்டுமா?’ என்று ஒரு சொல் கேட்டுவிட்டு, அவர்கள் கண்முன்னே சோதித்துக் கொடுக்கலாம். உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணிப்பொறிக்குள் நுழைவது நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படியும் தவறே என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவது பெற்றோரின் கடமை.

கேட்டுவிட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும் இடையே திரையில் தோன்றும் வேறுபாடு ஏதுமில்லை; தட்டப்படும் கட்டளை எழுத்துக்கு எழுத்து ஒன்றே. வேறுபடுவது, அயலாரை நாம் எவ்வாறு நோக்குகின்றோம் என்பதே. கேட்காமல் காப்பவருக்கு அயலார் ஒரு முகவரி. கேட்டுக் காப்பவருக்கோ அவர் ஒரு மனிதர். மறுப்பதற்கும் அவருக்கு உரிமை உண்டு. அவர் மறுத்தால் வருந்துவோம், மீண்டும் விளக்குவோம், பொறுமையோடு காத்திருப்போம். அவ்வாறு காத்திருக்க இயலாத அன்பு, எவ்வளவு கூரிய அறிவுடையதாயினும், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டிய அன்பே.